நிலத்தின் கீழ் ஒரு வரலாறு: இலண்டன் கழிவுநீர்க் கால்வாய்களும் பராமரிப்பு உழைப்பும்

நகரங்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கட்டியவர்களின் வரலாற்றையே எழுதியுள்ளனர். கட்டப்பட்டதை நாள்தோறும் காத்துவந்த உழைப்பாளர் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. இப்புறக்கணிப்பின் சமுதாய அடிப்படையை விளங்கிக்கொள்வதற்கு இலண்டன் மாநகரின் கழிவுநீர்க் கால்வாய்கள் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் கழிவின் பெரும்பகுதி தேம்ஸ் நதியிற் கலந்தது. அந்நதிநீரையே பலர் குடித்தனர். 1848–49, 1853–54 ஆகிய காலங்களில் வாந்திபேதி பல்லாயிரவரைப் பலிகொண்டது. 1854இல் சோஹோவின் புரோட் வீதியில் நோய் பரவியபோது, அதற்குக் குடிநீரே காரணம் என மருத்துவர் ஜோன் ஸ்னோ எடுத்துக்காட்டினார். அதே சோஹோவின் டீன் வீதியிலேதான் அக்காலத்தில் கார்ல் மார்க்ஸ் குடும்பத்துடன் வறுமையில் வாழ்ந்தார். எனினும் 1858ஆம் ஆண்டுக் கோடையில், நதியின் துர்நாற்றம் தன் மண்டபங்களுக்குள்ளேயே புகுந்த பின்னர்தான் பாராளுமன்றம் விரைந்து செயற்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெற்றின் திட்டப்படி 1859இல் வேலை தொடங்கியது. நதியை நோக்கி ஓடிய பழைய கால்வாய்களை இடைமறித்துக் கழிவைக் கிழக்கே கொண்டுசெல்லும் செங்கற் கால்வாய்கள் ஏறத்தாழ 132 கிலோமீற்றர் நீளத்திற்கு அமைக்கப்பட்டன. 1865இல் குறொஸ்னெஸ் நீரேற்று நிலையம் கோலாகலமாகத் திறந்துவைக்கப்பட்டது. ஆயின், 1866இல் வாந்திபேதி மீண்டும் தாக்கியபோது, திட்டம் முற்றுப்பெறாதிருந்த கிழக்கு இலண்டனின் தொழிலாளர் பகுதிகளில் 5,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இக்கால்வாய்கள் தாமாகவே நிலைத்திருப்பன அல்ல. நீரின் வேகம் குறையுமிடத்தில் மணலும் சேறும் படியும், கொழுப்பு உறையும், செங்கற்களிடையேயுள்ள சாந்து அரிக்கப்படும். மழைநீரும் கழிவுநீரும் ஒரே கால்வாயிற் செல்வதால், பெருமழையின்போது மிகுதி நதிக்குள் வழிந்தோடும். எனவே, நச்சுவாயுவுக்கும் திடீர் வெள்ளத்துக்கும் இடையே உள்ளிறங்கிச் சேற்றை வாரும் தொழிலாளர் இன்றியமையாதவராயினர். 'ஃபிளஷர்' எனப்பட்ட இத்தொழிலாளரைப் பசல்ஜெற்றின் திட்டத்துக்கு முன்னரே ஹென்றி மேஹியூ தம் ஆய்விற் பதிவுசெய்தார்.

'மூலதனம்' இரண்டாம் தொகுதியில், நிலையான மூலதனத்தின் தேய்மானத்தையும் பழுதுபார்ப்பையும் மார்க்ஸ் விரிவாக ஆராய்கின்றார். தொழிற்சாலைகளில் இயந்திரங்களைத் துப்புரவாக்கும் வேலை தொழிலாளரின் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றியே பெறப்பட்டதை அவர் அங்கு சுட்டுகின்றார். புதிய கட்டுமானம் ஒப்பந்தமாகவும் கடன்பத்திரமாகவும் திறப்புவிழாவாகவும் உருமாறக்கூடியது. பராமரிப்பின் வெற்றியோ எதுவும் நிகழாதிருப்பதிலேயே உள்ளது. அதனை ஒத்திவைத்தால் இவ்வாண்டின் இலாபம் கூடும். நட்டம் அடுத்த தலைமுறையைச் சாரும்.

1989இல் இங்கிலாந்தின் நீர், கழிவுநீர்ச் சேவைகள் தனியாருக்கு விற்கப்பட்டபோது, அவற்றின் பழைய கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. இலண்டனுக்குப் பொறுப்பான தேம்ஸ் வோட்டர் கொம்பனி 2023 அளவில் 1,400 கோடி பவுணுக்கு மேற்பட்ட கடனிற் சிக்கியிருந்தது. 2017இல் வைற்சப்பல் பகுதிக் கால்வாயொன்றை 250 மீற்றர் நீளமும் 130 தொன் எடையும் கொண்ட கொழுப்புத் திரள் அடைத்திருக்கக் காணப்பட்டது. தொழிலாளரே பல வாரங்கள் உழைத்து அதனை அகற்றினர். கழிவுநீர்ச் சேவைக் குறைபாடுகளுக்காகவும் முறையற்ற பங்கிலாபக் கொடுப்பனவுகளுக்காகவும் 2025 மே மாதத்தில் கொம்பனிக்கு 12 கோடி பவுணுக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் 25 கிலோமீற்றர் நீளமான புதிய சுரங்கக் கால்வாய் முழுமையாக இணைக்கப்பட்டது. நதியைக் காக்க அது தேவையானதே; ஆனால் பழைய கால்வாய்களைப் பழுதுபார்க்கும் பணிக்கு அது ஈடாகாது.

பொதுவுடைமை ஒன்றே போதுமென்பது இதன் பொருளன்று. 1866இல் கிழக்கு இலண்டனைக் காத்திருக்கச் செய்ததும் ஒரு பொதுச்சபையே. யாருடைய தேவை முதலிடம் பெறுகின்றது என்பதே அடிப்படை வினா.

இவ்வினா இலண்டனோடு முடிவதன்று. பிரித்தானியர் ஆட்சியிற் கழிவுநீர்க் குழாய்கள் பெற்ற கொழும்பிலே, நகர்ச் சுத்திகரிப்பு வேலை பெரிதும் தென்னிந்தியாவின் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்மீது சுமத்தப்பட்டது. அங்கு வர்க்கம் மறைத்ததை இங்கு வர்க்கத்தோடு சாதியும் சேர்ந்து மறைத்தது. நகரைக் கட்டியவர்களோடு அதனைக் காத்தவர்களையும் கணக்கிற் கொள்ளும்போதே நகர வரலாறு மக்கள் வரலாறாகும்.