சுரம் எழுதும் பொறி

பாடுவது வேறு, பாடியதை எழுதி வைப்பது வேறு. நம் சங்கத்துச் சிறுவர் சிறுமியர் ஆண்டு விழா மேடையில் பாடிவரும் பாடல்களுக்கெல்லாம் சுரக்குறிப்பு எழுதி, அலுவலறையின் பழைய கணிப்பொறியில் சேர்த்து வைத்திருந்தோம். புதுப்பொறி வந்தபின் அவற்றைத் திறந்து பார்த்தால் சரிகமபதநி நின்ற இடங்களில் பொருளற்ற அன்னிய எழுத்துகள் வரிசை வரிசையாக நின்றன. முன்னாளில் வழங்கிய தமிழ் எழுத்துரு ஒன்றில் அடித்ததன் பயன் அது. பாட்டு ஆசிரியையின் நோட்டுப் புத்தகம் இருந்ததோ, பிழைத்தோம்! இசையை எழுதும் பொறிகளின் வரலாற்றைத் தேடிப் படிக்க அன்று நேர்ந்தது. படித்தவற்றுள் சிலவற்றை ஈண்டு அன்பர்கள்முன் வைக்கிறோம்.

மேல்நாட்டார் ஐந்து கோடுகளின்மேல் சுரங்களை ஏற்றி எழுதுவர். 1501-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்துப் பெட்ரூச்சி என்பார் அச்செழுத்துகளைக் கொண்டு பல குரல் இசை நூலொன்றை வெளியிட்டார். கோடுகளுக்கு ஒரு முறை, சுரங்களுக்கு ஒரு முறை, சொற்களுக்கு ஒரு முறை என ஒரே தாளை மீண்டும் மீண்டும் அச்சில் ஏற்றினார். மயிரிழை பிசகினும் ஒரு சுரம் மற்றொரு சுரமாகிவிடும். பிற்காலத்தார் ஈயக் கலப்புத் தகட்டில் குறிகளை இடவலம் மாற்றி, சுத்தியலால் தட்டிப் பதித்தனர். இருபதாம் நூற்றாண்டிலும் இத்தொழில் நடந்தது.

நம் நாட்டில் இசை அச்சேறிய வரலாறும் அத்துணை எளிதன்று. சென்னை அரசாங்கத் தலைமைச் செயலகத்தில் பணிபுரிந்த சின்னசாமி முதலியார், கருநாடக இசையை மேல்நாட்டுக் கோடுகளில் எழுதி 1890-களில் அச்சிட்டார். குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்கு அவர்பால் தனியொரு பற்று எழுவது இயல்பே. அவர் தூண்டுதலாலும் எட்டயபுரத்து அரசர் ஆதரவாலும் சுப்பராம தீட்சிதர் தொகுத்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் தெலுங்கில் வெளிவந்தது. சுரத்தை வெறும் எழுத்தாக விட்டுவிடாமல், அசைவு, வழுக்கல், அழுத்தம் ஆகிய கமகங்களுக்கெல்லாம் தனித்தனிக் குறிகள் அதில் இடம்பெற்றன. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை நாடுவோர் இன்றும் அந்நூலையே நாடுகின்றனர்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லேலண்ட் ஸ்மித், 1960-களின் இறுதியில் தொடங்கி ‘ஸ்கோர்’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். ஒவ்வொரு சுரத்தையும் எண்ணாலும் எழுத்தாலும் ஆன குறிகளாகத் தட்டச்சு செய்ய வேண்டும். கற்பது கடினம், ஆயினும் கைவினைஞர் செதுக்கிய பக்கத்திற்கு ஈடான பக்கம் கிடைத்தது. 1983-இல் இசைக்கருவிகளும் கணிப்பொறியும் உரையாடுவதற்குரிய ‘மிடி’ என்னும் பொதுமுறை ஏற்பட்டது. 1988-இல் ‘ஃபினாலே’ வந்தது. இங்கிலாந்தில் ஃபின் என்னும் குடும்பப் பெயருடைய இரட்டைச் சகோதரர்கள் மாணவப் பருவத்திலேயே எழுதத் தொடங்கிய ‘சிபேலியஸ்’ 1993-இல் வெளிவந்தது. அதில் ஒரு சுரத்தை நடுவே செருகினால் பக்கம் முழுவதும் கண்ணிமைப்பொழுதில் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ளும்.

இவற்றில் நிகழ்ந்த அபிவிருத்திகளுள் நாம் பெரிதாகக் கருதுவது ஒன்றுண்டு. வாத்தியக் குழுவை நடத்துபவர் கையில் எல்லாக் கருவிகளின் சுரங்களும் அடங்கிய முழு ஏடு இருக்கும். வயலின்காரர் முன் வயலினுக்கு உரியது மட்டுமே இருக்கும். முழு ஏட்டில் ஒரு சுரத்தைத் திருத்தினால் தனி ஏடுகளிலும் தேடித் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் அரங்கிலே அபசுரம். 2005-இல் வந்த சிபேலியஸின் நான்காம் பதிப்பு இவற்றை ஒன்றோடொன்று பிணைத்தது. ஓரிடத்துத் திருத்தம் மற்ற இடங்களுக்கும் தானே செல்லும். ஒரே கணக்கை மூன்று பேரேடுகளில் பதிந்து, இரண்டில் மட்டும் திருத்திவிட்டு மேலதிகாரி முன் நின்ற ரயில்வே குமாஸ்தாவுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

2012-இல் சிபேலியஸின் உரிமை நிறுவனம் அதன் லண்டன் அலுவலகத்தை மூடியது. அங்கிருந்து வெளியேறியவர்கள் மற்றொரு நிறுவனத்தில் சேர்ந்து 2016-இல் ‘டோரிகோ’வை வெளியிட்டனர். பதினாறாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் இசை நூல்கள் அச்சிட்ட ஒருவரின் பெயர் அது. இதற்கிடையே எவரும் விலையின்றிப் பெறத்தக்க ‘மியூஸ்கோர்’ 2002-இல் தொடங்கி, 2011-இல் முதற்பதிப்பாக நிலைபெற்றது. 2021-இல் அதற்கு அமைந்த புதிய குறி வடிவங்களுக்கு ‘லேலண்ட்’ என்றே பெயரிட்டனர். முன்னோடியை மறவாமை கண்டு மகிழ்ந்தோம். 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பில் வாத்திய ஒலிகள் வியக்கத்தக்கவாறு மேம்பட்டன. ஆனால் ஒலி இனிமை வேறு, எழுத்தின் செம்மை வேறு. விளம்பரங்கள் முன்னதையே முழக்குகின்றன.

2024 ஆகஸ்டில் ஃபினாலேயை இனி வளர்ப்பதில்லை என்று அதன் உரிமையாளர் அறிவித்தனர். 36 ஆண்டுகள் அதிலேயே எழுதிக் குவித்தவர்களின் கதி என்ன? நல்லவேளையாக, ஒரு மென்பொருளின் ஏட்டை மற்றொன்று படித்தறிய உதவும் ‘மியூசிக் எக்ஸ்எம்எல்’ என்னும் பொதுவடிவம் 2004 முதலே வழக்கில் இருந்தது. அதில் மாற்றி வைத்தவர் தம் உழைப்பை வேறு பொறிக்குக் கொண்டு செல்லலாம். சிற்சில நகாசுகள் உதிரும், இசை உதிராது. மாற்றி வைக்காதவர் பழைய கணிப்பொறி உயிரோடிருக்கும்போதே அவ்வேலையை முடிக்க வேண்டும்.

நமக்கோ வேறு சங்கடங்கள் உள்ளன. மேற்சொன்ன பொறிகள் ஐங்கோட்டு முறைக்கென எழுந்தவை. தோடியின் காந்தாரம் ஒரு கோட்டில் அடங்கி நிற்பதன்று. தமிழில் எழுத முயன்றால், மேல்தாயியைக் குறிக்கச் சுரத்தின் தலையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். தமிழிலோ தலைப்புள்ளி மெய்யெழுத்தின் அடையாளம்! மேல்தாயிச் சட்சமம் ‘ச்’ ஆகிவிடுகிறது. பாடத் தெரிந்தவர் ஊகித்துக்கொள்வர். கற்கும் குழந்தை திகைக்கும்.

ஆகவே நம் சங்கத்தில் இவ்வாண்டு ஓர் ஏற்பாடு செய்தோம். சுரங்களை எல்லாப் பொறிகளும் அறியும் ஒருங்குறித் தமிழில் மீண்டும் அடித்து, மேல்தாயியைப் புள்ளிக்குப் பதில் தலைமேல் சிறு கோட்டால் குறித்து, அச்சிட்ட படி ஒன்றையும் அலமாரியில் வைத்து வருகிறோம். இன்னும் மூன்று பாடல்கள் எஞ்சியுள்ளன. ஆசிரியையின் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்த விரும்பும் அன்பர்கள் ஞாயிறு மாலை வகுப்பு முடிந்தபின் வரலாம்.