கோல்கொண்டா: காற்றுக்கு வழிவிட்ட நவீனம்

இந்தியாவில் நவீனக் கட்டடக்கலையின் தொடக்கம் என்றதும் 1950களின் சண்டிகரும் லெ கொர்பூசியேயுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னதாகவே, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியாக அது உருப்பெறத் தொடங்கிவிட்டது. அவ்விடுதியின் பெயர் கோல்கொண்டா. ஹைதராபாத் நிஜாம் அரசிடமிருந்து கிடைத்த நன்கொடையை நினைவுறுத்தும் பெயர் அது.

அக்காலச் சூழலை நாம் மறந்துவிடலாகாது. ஆங்கிலேயர் தம் அதிகாரத்திற்கு இந்திய முகம் தேடினர். 1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றத்தின் குவிமாடங்கள் அத்தேடலின் விளைவே. ஐரோப்பாவிலோ முதல் உலகப்போருக்குப் பின் ஒரு தலைமுறை அலங்காரத்தையே துறந்தது. கடந்தகாலத்தின் வேடம் இனி வேண்டாம் என்பதே அவர்களது முழக்கம்.

கோல்கொண்டாவை வடிவமைத்த அன்டோனின் ரேமண்ட், 1888இல் பொஹீமியாவில் பிறந்தவர். ஃபிராங்க் லாய்ட் ரைட்டுடன் 1919இல் டோக்கியோ சென்றவர், அங்கேயே தங்கி ஜப்பானிய மரவீடுகளின் எளிமையைக் கற்றார். அவருடைய உதவியாளராகப் புதுச்சேரி வந்த ஜார்ஜ் நகஷிமா, பின்னாளில் மரச்சாமான் கலைஞராக உலகப்புகழ் பெற்றார். கட்டுமானத்தில் உழைத்தவர்களுள் பெரும்பகுதியினர் ஆசிரமவாசிகளே.

கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. கண்ணாடிச் சன்னல்களுக்கு மாறாக, திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள் முகப்பு முழுவதையும் மூடியிருக்கின்றன. அறைக்கும் நடைக்கும் இடையே இடைவெளிகள் கொண்ட தேக்குக் கதவுகள், பக்கவாட்டில் நகர்பவை. கதவை மூடினாலும் காற்று தடைபடுவதில்லை, தனிமையும் குலைவதில்லை. கூரை இரண்டடுக்காக அமைந்து வெயிலின் கடுமையைத் தணிக்கிறது. இங்கே கான்கிரீட் மேலைநாட்டிலிருந்து வந்தது; அதன் வடிவத்தைத் தீர்மானித்ததோ புதுச்சேரியின் வெயிலும் கடற்காற்றும்.

பின்வந்த பதிற்றாண்டுகளில் நாம் பெருமளவு கைக்கொண்டது நவீனத்தின் தோற்றத்தை மட்டுமே. கண்ணாடிச் சுவர்களால் வெயிலை உள்ளே அழைத்து, பின் அதை விரட்ட இயந்திரம் பொருத்துகிறோம். குவிமாடத்தை ஒட்டவைத்த காலனிய மனத்திற்கும் கண்ணாடியை ஒட்டவைக்கும் நம் மனத்திற்கும் வேறுபாடு அதிகமில்லை. இரண்டுமே வேடங்கள். கோல்கொண்டா வேடமிடவில்லை. நிற்கும் மண்ணிடம் கேட்டு எழுந்தது என்பதால்தான் அது இன்னமும் நவீனமாக இருக்கிறது.