விசையால் மடங்கிய கூரைகள்: பழுதின் வழியே ஒரு வரலாறு

துணிக்கூரையை மடக்கித் திறந்த காராகவும் விரித்து மூடிய காராகவும் ஓட்டக்கூடிய கன்வர்ட்டிபிள் கார்களில், கூரையை ஏற்றி இறக்குவது நெடுங்காலம் கைகளின் வேலையாகவே இருந்தது. அமெரிக்காவில் அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்த முதல் பெருந்தொகை உற்பத்திக் கார் 1939ஆம் ஆண்டின் பிளிமத் ஆகும். எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது அதன் உட்குழாயில் உண்டாகும் தாழ்ந்த அழுத்தம், ரப்பர் குழாய்கள் வழியே இரு உருளைகளுக்குச் சென்று அவற்றின் பிஸ்டன்களை இழுக்க, கூரை எழுந்தது. தனியாக மோட்டார் தேவைப்படாதது இம்முறையின் நன்மை. ஆனால் எஞ்சின் ஓடினால்தான் கூரை அசையும். குழாயில் விரிசல் விழுந்தால் கூரை தளர்ந்துபோவதோடு எஞ்சினின் சீரான ஓட்டமும் கெடும் என்பதால், கூரையின் பழுதை எஞ்சினே காட்டிக்கொடுத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எண்ணெயழுத்த முறை, அதாவது மின்மோட்டாரால் சுழலும் பம்ப் எண்ணெயைத் தள்ளி உருளைகளை இயக்கும் ஹைட்ராலிக் முறை, பரவியது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் கூரை மட்டுமன்றிக் கண்ணாடிகளும் முன்னிருக்கையும் ஒரே பம்பை நம்பியிருந்தன. அக்காலத்தில் இதற்குப் பயன்பட்ட பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுகள் செல்ல அந்த ஈரம் உருளைகளை உள்ளிருந்தே அரித்தது, கசிந்த எண்ணெயோ பெயிண்டையும் இருக்கைத் துணியையும் கெடுத்தது. பிற்காலத்தில் கியர்பெட்டி எண்ணெய்க்கு மாறியது நல்ல முடிவே. எனினும் பிரேக் எண்ணெய்க்கெனச் செய்த பழைய ரப்பர் சீல்கள் கியர்பெட்டி எண்ணெயில் ஊதிக் கெட்டுவிடும் என்பதை அறியாமல் அதை ஊற்றியவர்கள், நன்றாக இருந்த உருளைகளையும் இழந்தனர்.

இம்முறையில் பழுது கண்டறிய ஒலியே முதல் சான்று. சுவிட்சை அழுத்தியும் மோட்டார் ஒலிக்கவில்லையெனில் குறை பாட்டரி, சுவிட்ச், எர்த் இணைப்பு என மின்சாரப் பக்கத்தில் இருக்கும். மோட்டார் ஒலித்தும் கூரை அசையாவிடில் எண்ணெய் குறைந்திருக்கலாம், அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கலாம். உருளைகளைக் கழற்றிவிட்டுக் கூரையைக் கையால் தூக்கிப் பார்ப்பது இன்றும் கைவிடப்படாத சோதனை. கையாலும் தூக்க முடியாதெனில் சட்டத்தின் கீல்களே இறுகியிருக்கின்றன, பம்பின் மீது குற்றமில்லை.

இத்துறையின் மிகத் துணிவான படைப்பு ஃபோர்டு நிறுவனம் 1957 முதல் 1959 வரை விற்ற ஸ்கைலைனர். துணிக்கு மாற்றாக உலோகக் கூரை முழுவதையும் டிக்கிக்குள் இறக்கிய இந்தக் காரில் எண்ணெய் இல்லை. ஏழு மோட்டார்கள், பத்து ரிலேக்கள், அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கருவிகள், 610 அடி மின்கம்பி ஆகியவற்றால் கூரை இயங்கியது. பின்புறக் கீலில் டிக்கி மூடி திறந்து நிமிரும், கூரையின் பூட்டுகள் விடுபடும், கூரை பின்னோக்கி எழுந்து தன் முன்பகுதியை மடித்துக்கொண்டு உள்ளே இறங்கும், மூடி மீண்டும் அடையும். ஒவ்வொரு பாகமும் தன் எல்லையை எட்டியதும் அங்குள்ள எல்லைச் சுவிட்சை அழுத்த, அந்தச் சுவிட்ச் அடுத்த மோட்டாருக்கு வழிவிடும். ஒரு சுவிட்ச் சற்றே இடம் மாறினாலும் கூரை நடுவானில் நின்றுவிடும். சிக்கலானது என்று இக்காரைப் பலர் ஒதுக்கினாலும் அந்த மதிப்பீடு முழுமையானதன்று. கூரை எந்தக் கட்டத்தில் நின்றதோ அந்தக் கட்டத்தை முடிக்கும் சுவிட்சையும் அடுத்த கட்டத்தின் ரிலேயையும் மோட்டாரையும் மட்டும் சோதித்தால் போதும் என்பதால், உருளைக்குள் மறைந்து அரிக்கும் எண்ணெய்முறையைவிட இதில் குறையைக் கண்டுபிடிப்பது எளிது.

மூன்று ஆண்டுகளில் 48,394 ஸ்கைலைனர்கள் உருவாயின. உலோகக் கூரை அத்துடன் நின்றாலும், பின்னோக்கித் திறக்கும் அதன் மூடியமைப்பு 1961இல் வந்த லிங்கன் காண்டினென்டலின் நான்கு கதவுத் துணிக்கூரைக் காரில் தொடர்ந்தது.