எல்லைப்புற வாசிப்பும் தமிழ் விவிலியப் பதிப்புகளும்: ஓசூர் – கிருஷ்ணகிரிப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளை வடசொற்கலப்பு, தூயதமிழ் என்னும் அளவுகோலால் மதிப்பிடுதல் பெருவழக்காக உள்ளது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் எல்லைப்பகுதிக்கு அவ்வளவுகோல் மட்டும் போதாது என்பதை இக்கட்டுரை சொல்லாட்சி ஒப்பீட்டின்வழி எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: விவிலிய மொழிபெயர்ப்பு, ஓசூர், எல்லைப்புறத் தமிழ், பதிப்பு வரலாறு

முன்னுரை

பாராமகால் பகுதி 1792-இலும் ஓசூர்ப் பகுதி 1799-இலும் மைசூர் ஆட்சியிலிருந்து ஆங்கிலேயர் வசமாயின. சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும் அடங்கியிருந்த இந்நிலப்பகுதி 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டமாயிற்று. 1970களில் உருவான ஓசூர் சிப்காட் தொழில் வளாகம் பிற மாவட்டத் தமிழரையும் இங்குக் குடியேறச் செய்தது. இங்குத் தமிழ் விவிலியத்தை வாசிப்பவர் கன்னடமும் தெலுங்கும் ஒலிக்கும் சூழலிலேயே அதனை வாசிக்கிறார். ஆகவே, வாசிப்புக்கு உகந்த பதிப்பு எது என்னும் வினா இங்குத் தனித்து ஆராயத்தக்கது.

மொழிபெயர்ப்பு மரபு

சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714–1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அவர் 1719-இல் மறைந்தபின் பழைய ஏற்பாட்டுப் பணியை நிறைவுசெய்த பெஞ்சமின் சூல்ச், தெலுங்கிலும் விவிலியத்தை மொழிபெயர்த்தார். அத்தெலுங்குப் பெயர்ப்பு அச்சேறவில்லை. எனினும், தமிழ், தெலுங்கு விவிலியப் பணிகள் தொடக்கத்திலேயே ஒருவர் கையில் இணைந்திருந்தமை கருதத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த பப்ரீசியசின் பெயர்ப்பை லுத்தரன் திருச்சபையினர் நெடுங்காலம் போற்றினர். பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையோடு யாழ்ப்பாணத்தில் உருவாக்கிய பெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. ஹென்றி பவரின் தலைமையில் 1871-இல் நிறைவெய்திய ஐக்கியப் பெயர்ப்பே இன்றளவும் சீர்திருத்தச் சபைகளில் பெருவழக்காக உள்ளது. லார்சன் திருத்திய பெயர்ப்பு 1936-இல் வெளிவந்தும் அதனை விலக்க இயலவில்லை. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ 1995-இல் வெளிவந்தது.

இவ்வரிசையில் லார்சன் இப்பகுதிக்கு நெருங்கியவர். ஓசூரை அடுத்த பெங்களூரிலுள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல் முதல்வர் அவரே. இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையகமும் பெங்களூரிலேயே அமைந்துள்ளது. ஆகவே, தமிழ் விவிலிய வரலாற்றைத் தமிழக எல்லைக்குள் மட்டும் வைத்துக் காண இயலாது.

சொல்லாட்சி ஒப்பீடு

இறைவனைக் குறிக்கக் கத்தோலிக்கரிடையே வழங்கிய ‘சர்வேசுரன்’ என்னும் சொல்லைச் சீகன்பால்கு ஏற்றார். பப்ரீசியசு ‘பராபரன்’ என்றார். பவர் ‘தேவன்’ என்றும், லார்சன் ‘கடவுள்’ என்றும் ஆண்டனர். ‘தேவன்’ என்பது பல தெய்வங்களுள் ஒன்றைச் சுட்டும் என்னும் குறை கூறப்பட்டதுண்டு. ஆனால், வழக்கிலுள்ள கன்னட விவிலியம் ‘தேவரு’ என்றும் தெலுங்கு விவிலியம் ‘தேவுடு’ என்றும் ஆள்கின்றன. உள்நாட்டுத் தமிழ் வாசகர்க்கு ‘கடவுள்’ இயல்பானது. மும்மொழிச் சூழலில் வாழ்வோர்க்கோ ‘தேவன்’ அண்டை மொழிகளோடு இணைப்பதாகிறது.

பிற சொற்களும் இதனை வலியுறுத்துகின்றன. பவரின் ‘கிருபை’ கன்னடத்தில் ‘கிருபெ’, தெலுங்கில் ‘கிருப’ என அமைகிறது. ‘இரட்சிப்பு’ என்பதற்கு அவ்விரு மொழிகளிலும் முறையே ‘ரக்ஷணெ’, ‘ரக்ஷண’ என்பன வழங்குகின்றன. திருவிவிலியம் இவ்விடங்களில் ‘அருள்’, ‘மீட்பு’ என்னும் தமிழ்ச்சொற்களை ஆள்கிறது. எனினும், இவ்வொப்புமை எங்கும் ஒரே திசையில் செல்வதில்லை. பவரின் ‘விசுவாசம்’ தெலுங்கின் ‘விசுவாசமு’ என்பதோடு ஒத்துச்செல்ல, திருவிவிலியத்தின் ‘நம்பிக்கை’ கன்னடத்தின் ‘நம்பிகெ’ என்பதோடு ஒத்துச்செல்கிறது. எனவே, வடசொல் மட்டுமே இணைக்கும், தமிழ்ச்சொல் பிரிக்கும் எனக் கொள்ளுதல் பிழையாகும். திராவிட வேர்ச்சொற்களும் இணைப்புப் பணியை ஆற்றுகின்றன.

அச்சும் வடிவமும்

வாசிப்பைத் தீர்மானிப்பதில் சொல்லாட்சியோடு அச்சு வடிவமும் பங்குகொள்கிறது. ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் அளவிற் பெரியனவாக இருந்தமையால், தாள் சிக்கனம் கருதித் தரங்கம்பாடியினர் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். பின்னர் 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம், ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றியது. பழைய அச்சுப் பதிப்புகள் இதனால் புதிய தலைமுறையினர்க்கு ஓரளவு அயன்மை பெற்றன. பேச்சில் தமிழும் பள்ளியில் பிற மொழியும் பயின்றவர்க்கு ஒலிவடிவப் பதிப்பு எழுத்துத் தடையை நீக்குகிறது. திறன்பேசிச் செயலிகள் இரு மொழிப் பெயர்ப்புகளை அருகருகே காட்டுகின்றன.

முடிவுரை

‘சிறந்த பெயர்ப்பு’ என ஒன்றை எல்லார்க்கும் பொதுவாக வரையறுத்தல் இயலாது என்பது மேற்கண்ட ஒப்பீட்டால் புலனாகிறது. திருவிவிலியத்தின் தெளிவும் ஐக்கியப் பெயர்ப்பின் மும்மொழி நெருக்கமும் வெவ்வேறு வாசகர்க்குப் பயன்படுவன. பழைய பெயர்ப்பின் நிலைபேற்றைப் பழமைப்பற்று என்று மட்டும் கொள்வோர், எல்லைப்புற வாசகரின் மொழியறிவைக் கணக்கில் கொள்ளத் தவறுகின்றனர். தமிழ், கன்னட, தெலுங்கு விவிலியச் சொல்லடைவுகளை ஒருங்குவைத்து ஆராயும் பணி இனி மேற்கொள்ளப்பட வேண்டும்.