எண்ணெய் கலந்த கிணறுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. அங்கு வாழ்வோர்க்குக் கிணறே கங்கை. பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடே இறங்கித் தேங்குகின்றது. நீர் சென்ற வழியே நஞ்சும் செல்லும் என்பதைச் சுன்னாகம் மின்னிலையத்தின் அயலிலுள்ளோர், தம் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது கண்டனர்.

2015ஆம் ஆண்டில் இவ்வழக்குக் கொழும்பு உயர் நீதிமன்றத்தை அடைந்தது. மண்ணும் நிலத்தடி நீரும் மாசுற்றமைக்காக நொதேண் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டுமென 2019 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் நெறி.

இது தலைநகருக்கும் உரிய பாடமாகும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற நெருங்கிய குடியிருப்புகளின் நடுவே பெற்றோல் விற்பனை நிலையங்கள் உள. எரிபொருளைத் தாங்குவன நிலத்தடித் தாங்கிகள். இரும்புத் தாங்கி துருவேறினால் கசிவு கண்ணுக்குத் தோன்றாது. பெற்றோல் நீரின்மேல் மிதப்பினும், அதிலுள்ள பென்சீன் நீரிற் கரையும். அது புற்றுநோயை விளைவிக்க வல்லது. ஆதலின் வெவ்வேறு ஆழங்களில் துளையிட்டு, மண்ணையும் நீரையும் எடுத்துச் சோதித்தல் வேண்டும். அமெரிக்க நாடு இத்தகைய தாங்கிகளைக் கண்காணிக்க 1984ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது.

கிணற்றிலே நாற்றம் எழுந்தபின் வருந்துவதினும், பழைய தாங்கியை அகற்றும் நாளிலேயே அதன் அடிமண்ணை ஆராய்வது அறிவுடைமையன்றோ?