அரசாங்கத்தின் கட்டடம் எரிந்தது, பங்குத்தந்தையின் அலுமாரி தப்பியது

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் தரம் 10 பிள்ளைகளிடம் குடும்ப மரம் ஒன்றை வரைந்து வரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவனின் தாளில் மூன்றே மூன்று வரிசைதான் இருந்தது. "ஸேர், வாப்பாட வாப்பாவுக்கு மேல ஒரு பேரும் தெரியா. தொண்ணூறுல ஊர விட்டு வரக்குள்ள ஒரு கடதாசியும் எடுத்து வரல்லயாம்" என்றான். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. "பரவாயில்ல மகன், இருக்கிறத வைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் மனம் கேட்கவில்லை. ஆவணங்களை இழந்த வேறு மக்கள் தங்கள் மூதாதையரை எப்படித் தேடினார்கள் என்று அன்றிரவு வாசிக்கத் தொடங்கி, அயர்லாந்தில் போய் நின்றேன்.

முதலில் ஒரு கேள்வி. குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலிக்கு அயர்லாந்தில் வேர் உண்டு என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அலியின் தாயாருடைய பெயர் ஒடெஸா கிரேடி கிளே. அந்தக் 'கிரேடி' ஓர் அயர்லாந்துக் குடும்பப் பெயர். கிளெயார் கவுண்டியிலுள்ள என்னிஸ் என்ற ஊரிலிருந்து 1860களில் அமெரிக்காவின் கென்டக்கிக்குப் போன ஏப் கிரேடி என்பவர்தான் தாய்வழியில் அலியின் கொள்ளுப்பாட்டனார் என்று குடும்ப வரலாற்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2009 செப்டெம்பர் முதலாம் திகதி, நோயால் தளர்ந்திருந்த அலி, மனைவியோடு என்னிஸுக்கே வந்தார். அந்த ஊர் தன்னுடைய முதலாவது கௌரவக் குடிமகனாக அவரை ஏற்றுக்கொண்டது.

இப்படி வேர் தேடி அயர்லாந்துக்கு வருகிறவர்கள் ஏராளம். அமெரிக்காவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் கோடிக்கணக்கானவர்களுக்கு ஐரிஷ் வழி உண்டு. ஆனால் அவர்கள் தேடத் தொடங்கியதும் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று இருக்கிறது. அந்தச் சுவரின் பெயர் 1922.

சுதந்திரத்துக்காகச் சேர்ந்து போராடிய ஐரிஷ்காரர்கள், பிரித்தானியாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஏற்பதா இல்லையா என்று பிரிந்து தங்களுக்குள்ளேயே சண்டை பிடித்த ஆண்டு அது. ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் டப்ளின் நகரில் 'ஃபோர் கோர்ட்ஸ்' என்ற நீதிமன்றத் தொகுதியைக் கைப்பற்றியிருந்தார்கள். அரச ஆவணக் காப்பகமும் அதே வளாகத்தில்தான் இருந்தது. ஜூன் 28ஆம் திகதி அரசப் படை பீரங்கித் தாக்குதலைத் தொடங்கியது. 30ஆம் திகதி பெரும் வெடிப்பும் தீயும். ஏழு நூற்றாண்டு காலத்து ஆவணங்கள் ஒரே நாளில் சாம்பலாயின. கருகிய தாள்கள் டப்ளின் நகரத்தின் மேல் பறந்து விழுந்தன.

எரிந்தவற்றில் சாதாரண மக்களின் குடும்ப வரலாற்றுக்கு மிகவும் வேண்டியவை 1821, 1831, 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் குடிசன மதிப்புப் பத்திரங்கள். சில துண்டுகள்தான் மிஞ்சின. சரி, அடுத்தடுத்த கணக்கெடுப்புகள்? 1861, 1871 பத்திரங்களை அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 பத்திரங்கள் முதலாம் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. நாடு முழுவதற்குமாக இன்று கையில் இருக்கிற பழைய கணக்கெடுப்புகள் 1901, 1911 இரண்டுமே. பிறப்பு, இறப்பு, எல்லாத் திருமணங்கள் ஆகியவற்றின் அரசாங்கப் பதிவோ 1864இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னர் பிறந்த ஓர் ஏழை விவசாயியின் பெயரை எங்கே போய்த் தேடுவது?

இங்கேதான் கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள் வருகின்றன.

திருமணத்தையும் ஞானஸ்நானத்தையும் பங்குத்தந்தை ஒரு புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது 1563ஆம் ஆண்டு திரெந்து பொதுச்சங்கம் போட்ட கட்டளை. ஆனால் அயர்லாந்தில் அதை நிறைவேற்றுவது இலேசான காரியமாக இருக்கவில்லை. 1690களிலிருந்து வந்த தண்டனைச் சட்டங்கள் ஆயர்களை நாடுகடத்தின. கத்தோலிக்கருடைய காணி உரிமையில், கல்வியில், அரச பதவிகளில் கை வைத்தன. மலைச்சரிவில் ஒரு பாறையைப் பீடமாக வைத்துப் பூசை செய்த குருவானவரிடம் பதிவேடு எங்கே இருந்திருக்கும்? அதனால்தான் நகரங்களில் பதிவுகள் முன்னமே தொடங்க, மேற்கின் வறிய கிராமங்கள் பலவற்றில் 1820களுக்குப் பிறகு, சில இடங்களில் 1850களில்தான் முதல் பக்கமே தொடங்குகிறது. கத்தோலிக்கர் பாராளுமன்றத்துக்குப் போகும் உரிமையைப் பெற்றதே 1829இல்தான்.

அரசின் அங்கீகாரம் பெற்றிருந்தது புரட்டஸ்தாந்து சபையான அயர்லாந்துத் திருச்சபை. அதன் பதிவேடுகள் அரச ஆவணங்களாகக் கருதப்பட்டன. ஆகவே பல பங்குகளின் புத்தகங்கள், பாதுகாப்பு என்று நம்பி, டப்ளின் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டன. 1922இல் அவையும் எரிந்தன. கத்தோலிக்கப் பதிவேடுகளை அரசாங்கம் தன் ஆவணமாகவே எண்ணவில்லை. யாரும் அவற்றைக் கேட்கவில்லை, யாரும் அனுப்பவில்லை. கிராமத்துக் குருமனையின் ஈர அலுமாரியில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. கிடந்தபடியால் தப்பின.

மதிக்கப்பட்டது எரிந்தது, மதிக்கப்படாதது மிஞ்சியது. இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தகங்களில் அப்படி என்ன இருக்கிறது? ஞானஸ்நானப் பதிவு பெரும்பாலும் ஒரே ஒரு வரி. திகதி, பிள்ளையின் பெயர், தகப்பனின் பெயர், தாயின் பெயர், ஞானப்பெற்றோர் இருவரின் பெயர். சில வேளை ஊரின் பெயரும் இருக்கும். இந்த ஒரு வரியில் பொன் போன்ற ஒரு விடயம் உண்டு. தாயின் பெயர் அவளுடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு எழுதப்படும். கல்யாணத்தோடு ஒரு பெண்ணின் பெயர் காணாமல் போய்விடுகிற உலகத்தில், அவள் யார் வீட்டுப் பிள்ளை என்பதை அந்த வரி காப்பாற்றி வைத்திருக்கிறது. ஞானப்பெற்றோரும் அப்படித்தான். அவர்கள் அநேகமாகச் சாச்சா, மாமி, மாமா முறைக்காரர்கள். ஒரு தம்பதியின் எல்லாப் பிள்ளைகளின் பதிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், உறவுக்கூட்டமே கண் முன்னால் வரும்.

வாசிப்பதுதான் சிரமம். மக்கள் வீட்டில் பேசியது பல இடங்களில் ஐரிஷ் மொழி. அரசாங்கம் எழுதியது ஆங்கிலத்தில். குருவானவர் அநேகமாக எழுதியது இலத்தீனில். ஆகவே ஒரே மனிதனுக்கு மூன்று பெயர். வீட்டில் 'டைக்' என்று அழைக்கப்பட்டவர் பதிவேட்டில் 'தாதேயுஸ்', ஆங்கிலக் கடதாசியில் 'திமதி'. ஜேம்ஸ் என்றால் 'யாக்கோபுஸ்', வில்லியம் என்றால் 'குலியெல்முஸ்', நோரா என்றால் 'ஹொனோரியா'. குடும்பப் பெயர்களின் முன்னால் இருந்த 'ஓ', 'மக்' போன்றவை ஒரு காலத்தில் கழன்று போய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மீண்டும் வந்து ஒட்டிக்கொண்டன. தகப்பன் ரைலி, மகன் ஓ'ரைலி! நம் வீட்டிலேயே வாப்பாவின் அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து என்று அலைந்தவர்களுக்கு இது புதினமில்லை.

திருமணப் பதிவில் இன்னொரு சுவாரசியம். நமக்கு மாமி மகள், மாமா மகன் என்றால் சம்பந்தம் பேச அதுவே ஒரு வசதி. கத்தோலிக்கச் சட்டப்படி அது தடை. அன்றைய விதியில் நான்காம் தலைமுறை வரை இரத்த உறவு இருந்தால் விசேட அனுமதி எடுக்க வேண்டும். அதைக் குருவானவர் 'மூன்றாம் படி உறவு' என்று இலத்தீனில் ஓரத்தில் குறித்து வைப்பார். மூன்றாம் படி என்றால் இருவரின் பாட்டன் பாட்டிமாரில் ஒவ்வொருவர் உடன்பிறந்தவர்கள். தடையாகப் போட்ட விதி, இன்று தேடுகிறவருக்கு இன்னும் இரண்டு தலைமுறை மேலே ஏறும் ஏணி.

சரி, அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் எங்கிருந்து தொடங்குவது? 'ஜோன் மேர்பி, அயர்லாந்து' என்று மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் ஆயிரக்கணக்கான ஜோன் மேர்பிகள் வருவார்கள். அயர்லாந்தில் 60,000க்கும் மேற்பட்ட 'டவுன்லாண்ட்' எனப்படும் சிறு காணிப்பிரிவுகள் இருக்கின்றன. எந்தக் காணிப்பிரிவு, எந்தப் பங்கு என்று தெரிய வேண்டும். அதற்கான தடயம் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த நாட்டில்தான் கிடைக்கும். கல்லறைக் கல்லில், குடியுரிமை விண்ணப்பத்தில், பழைய கடிதத்தில். பொஸ்டன் நகரத்துக் கத்தோலிக்கப் பத்திரிகையான 'பைலட்', 1831 முதல் 1921 வரை 'காணாமற்போன நண்பர்கள்' என்ற பகுதியை வெளியிட்டது. கடல் கடந்து வந்த இடத்தில் தொலைந்துபோன அண்ணனை, புருஷனை, மகளைத் தேடி ஏழைகள் காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்கள். அடையாளம் காட்டுவதற்காக ஊர், பங்கு எல்லாம் எழுதினார்கள். அன்றைக்கு அவர்களுடைய துயரம். இன்றைக்குப் பேரப்பிள்ளைகளின் வழிகாட்டி.

தப்பிய கடதாசிகளில் வேடிக்கையான ஒன்றும் உண்டு. 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 70 வயது என்று நிரூபிக்க வேண்டும். 1864க்கு முன் பிறந்த கிழவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் ஏது? சிலர் பங்குத்தந்தையிடம் ஞானஸ்நானப் பதிவு கேட்டு ஓடினார்கள். சிலருக்காக அதிகாரிகள் 1841, 1851 குடிசன மதிப்பைப் புரட்டி, குடும்ப விபரத்தைப் படிவத்தில் பிரதி பண்ணினார்கள். பிறகு மூலம் எரிந்தது. படிவங்கள் மிஞ்சின. சொற்பக் காசுக்காக ஒரு கிழவி போட்ட விண்ணப்பம், அவளுடைய உம்மா வாப்பாவின் பெயரை நெருப்பிலிருந்து வெளியே எடுத்துவிட்டது.

ஆனால் இந்தப் பதிவேடுகள் எல்லாம் சொல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. அவை பேசாத இடம் ஒன்று உண்டு. மரணம்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. பட்டினியாலும் காய்ச்சலாலும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மௌத்தானார்கள். அதிலும் கூடுதலானோர் கப்பல் ஏறினார்கள். 1841இல் 80 இலட்சத்தைத் தாண்டியிருந்த சனத்தொகை பத்து வருடத்தில் 65 இலட்சமளவுக்கு இறங்கியது. பெரும்பாலான கத்தோலிக்கப் பங்குகளில் அடக்கப் பதிவு வைக்கும் வழக்கமே இருக்கவில்லை. அரசாங்கத்தின் இறப்புப் பதிவும் அன்று இல்லை. ஆகவே அந்த 10 இலட்சம் பேரில் பெரும்பாலானவர்களுக்குப் பெயர் எழுதிய ஒரு வரி கிடையாது. பதிவேட்டில் அவர்களைத் தேடினால் தெரிவது இதுதான்: 1840களின் தொடக்கத்தில் வருடா வருடம் பிள்ளை பெற்ற ஒரு தம்பதி, 1847க்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் இல்லை. செத்தார்களா, கப்பலேறினார்களா, புத்தகம் சொல்லாது. பல பங்குகளில் முந்திய வருடம் நெருக்கமாக எழுதப்பட்டிருந்த பக்கங்கள் பஞ்ச வருடங்களில் ஐதாகின்றன.

1950களிலும் 60களிலும் அயர்லாந்துத் தேசிய நூலகம் பங்கு பங்காகப் போய், ஏறத்தாழ 1880 வரையான பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்தது. 2015 ஜூலை 8ஆம் திகதி அவற்றை இணையத்தில் போட்டது. 1,000க்கும் மேற்பட்ட பங்குகள், 3,70,000க்கும் கூடுதலான படங்கள். ஒரு சதமும் கட்டணமில்லை. எரிந்த காப்பகத்தையும் விட்டுவிடவில்லை. வேறு நாடுகளிலும் நூலகங்களிலும் கிடந்த பிரதிகளைத் தேடிச் சேர்த்து, தீயின் நூறாவது ஆண்டான 2022இல் அதை இணையத்தில் மீள எழுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

இனி அந்த மாணவனின் கதைக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டேன். "மகன், மேல போக ஏலாட்டி பக்கத்தால போங்க. மூத்தம்மாட உம்மா யாரு, எந்த வீடு எண்டு கேளுங்க. அவங்கட நிகாஹ்வுக்கு வலி யாரு, சாட்சி யாரு எண்டு கேளுங்க. வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர்ட்ட பழைய கடிதம், படம் இருக்கா எண்டு கேளுங்க" என்றேன். நேற்று வந்தான். மூத்தம்மா ஒரே மூச்சில் பதினொரு பெயர் சொன்னாராம். அவருடைய உம்மாவின் பெயரை வீட்டில் யாருமே இதுவரை கேட்டதில்லையாம்.

நம் பள்ளிவாசல் அலுமாரிகளிலும் பழைய நிகாஹ் புத்தகங்கள், ஜனாஸாக் குறிப்புகள், சந்தாக் கொப்பிகள் கிடக்கின்றன. கறையான் தின்கிறது, மழை நனைக்கிறது. நிர்வாகத்தில் இருக்கும் சகோதரர்களே, கையில் இருக்கும் போனாலேயே ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் குவித்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு டப்ளின் சாட்சி.

இன்றைக்கு இரவு மூத்தம்மாவிடம் ஒரு பெயர் கேளுங்கள். எழுதி வையுங்கள். திகதியும் போடுங்கள்.