இளையோர் குழு ஆலோசனை

போதைப் பழக்கத்தில் விழக்கூடிய நிலையில் உள்ள பதின்ம வயதினரைச் சிறு குழுவாக அமர்த்தி, மனம்விட்டுப் பேசவும் 'வேண்டாம்' என்று மறுக்கவும் பழக்கும் முறை. யாரை யாருடன் அமர்த்துவது என்பதில் மிகுந்த கவனம் தேவை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷனும் டேவிட் ஆண்ட்ரூஸும் நடத்திய ஆய்வு 1995இல் வெளியானது. பெற்றோர் குழுக்கள் பலன் தந்தன. சிக்கலுள்ள பிள்ளைகளை மட்டும் சேர்த்த குழுக்களிலோ புகைபிடிப்பது கூடியிருந்தது! ஒருவன் தன் அத்துமீறலைச் சொல்ல, மற்றவர்கள் சிரித்து ரசிக்கிறார்கள். அந்தச் சிரிப்பே அவனுக்குப் பாராட்டாகிவிடுகிறது என்பது டிஷனின் விளக்கம்.

அதற்காகக் குழுவையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கஞ்சாப் பழக்கமுள்ள 600 இளையோரிடம் அமெரிக்காவிலேயே நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், இரண்டு தனி அமர்வும் மூன்று குழு அமர்வும் கொண்ட குறுகிய சிகிச்சை பலனளித்தது.

தேர்ந்த ஆலோசகர் இல்லாமல், பெற்றோரைச் சேர்க்காமல், எந்தப் பள்ளியும் இப்படியொரு குழுவைத் தொடங்கிவிட வேண்டாம்.